பி0171: அழித்தாலும் திரும்பி வரும் செக் எஞ்சின் விளக்கு

ஏர்ஃப்ளோ சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது) உள்ள சின்ன பெட்ரோல் கார். கார் கம்ப்யூட்டர் பதிந்த பி0171 என்ற கோளாறு கோட்-ஐ அழித்தால் இரண்டு நாள் சும்மா இருக்கும், மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு மறுபடி எரியும். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று அர்த்தமில்லை; ஆனால் ஷெட்டில் முதலில் அதைத்தான் மாற்றச் சொல்வார்கள்.

பார்க்க வேண்டியது ஃப்யூல் ட்ரிம்: கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+) அல்லது குறைக்கிறது (-) என்ற கணக்கு. காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகி போனில் அளவுகளைக் காட்டும் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் போதும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) லாங் டேர்ம் (நீண்டகால), ஷார்ட் டேர்ம் (அந்த நேர) ட்ரிம் இரண்டையும் கூட்டினால் +24%. 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +6%. இப்படி இறங்கினால் த்ராட்டிலுக்கு (காற்றைத் திறந்து மூடும் வால்வு) பின்னால் எங்கோ சென்சார் அளக்காத திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. மாறாக, ஆர்பிஎம்மோடு ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போக வேண்டும்.

இங்கே குற்றவாளி பிசிவி ஹோஸ், அதாவது எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மறுபடி காற்றுப் பாதைக்குள் விடும் குழாய். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி. வளைவின் அடியில் விரலால் மடக்கியதும் ஒரு சென்டிமீட்டர் விரிசல் வாய் திறந்தது. கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடித்து ஓட்டையைத் தேடுவது பலருக்கு வழக்கம். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அது தீப்பிடிக்கும். காற்றுப் பாதைக்குள் புகை விட்டு எங்கே கசிகிறது என்று பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட்தான் நல்லது.

மாற்றும்போது எண்ணெய் தாங்கும் ஹோஸ் போடுங்கள். சாதாரண தண்ணீர் ட்யூப் எண்ணெய் ஆவியில் ஊறி உப்பிவிடும். இரண்டு முனை க்ளிப்பும் புதுசு. கோட்-ஐ அழித்து ஓட்டியபின் ஐடில் ட்ரிம் +3%.