கண்மாயில் தொடங்குங்கள்: மதுரைப் பக்கத்து ஊரின் தொடக்கத்தைத் தேடும் முறை

ஊரின் வயதைக் கோயிலில் தேடுவதுதான் வழக்கம். ஆனால் கோயில்கள் பலமுறை இடித்துக் கட்டப்பட்டிருக்கும். ஏரியான கண்மாயின் கரையை உயர்த்துவார்கள், தண்ணீர் திறந்துவிடும் மடையைப் புதுப்பிப்பார்கள். கண்மாயையே இடம் மாற்றுவது அரிது. மழையை நம்பிய இந்த மண்ணில் தண்ணீர் நின்ற இடத்தை ஒட்டித்தான் குடி நின்றது.

முதலில் தாள் வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஊர் என்று நினைப்பது ஓர் உட்கடை கிராமமாக இருக்கலாம். அதை உள்ளடக்கிய வருவாய் கிராமத்துக்குப் பெயர் வேறு. இங்கே சறுக்கினால் பக்கத்து ஊரின் கணக்கைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். பதிவேட்டில் பழைய புல எண், நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், பரப்பு எல்லாம் இருக்கும். பரப்பு ஹெக்டேரில் இருக்கும். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். பழைய பத்திரங்களோடு ஒப்பிட பழைய புல எண்தான் உதவும். வரைபடத்தில் நத்தம் (குடியிருப்பு நிலம்), கண்மாய், ஊரணி, ஓடை, மந்தை, வண்டிப்பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்டுங்கள்.

பிறகு நடை. பங்குனி, சித்திரையில் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த தண்ணீர் வற்றி, மடைத் தூண்களின் அடிவரை தெரியும். கரை பள்ளத்துப் பக்கமாக வளைந்திருக்கும். உபரி நீர் கலுங்கு வழியே விழுந்து ஓடையாகி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அந்த ஓடையோடு கீழே நடந்தால் நீருக்காக ஒன்றையொன்று சார்ந்திருந்த ஊர்கள் வரிசையாகத் தெரியும். கண்மாயில் தண்ணீர் தேங்கும் பகுதியான உள்வாயை மூடி நிற்கும் சீமைக்கருவேலம் பின்னால் வந்தது. அதை வைத்துப் பழைய நிலத்தோற்றத்தைக் கற்பனை செய்ய வேண்டாம்.

பச்சை வயல் நிறைய இருந்தால் பழைய ஊர் என்று முடிவு கட்டுவதும் தவறு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்த பிறகு, அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து பேரணை அணைக்கட்டிலிருந்து கால்வாயில் மேலூர் வரை பாய்ந்தது. அதுவரை புஞ்சையாகக் கிடந்த எத்தனையோ நிலம் நஞ்சையானது. உங்கள் ஊரின் பாசன ஆதாரம் கண்மாயா, பெரியாறு கால்வாயா என்று பதிவேட்டில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசலுக்கு வேறு கணக்கு. அங்கே பருத்தியும் சோளமும் மானாவாரி.

மடைத் தூண், கலுங்குக் கல், பாறைச் சரிவு மூன்றிலும் எழுத்து இருக்கலாம். காலை அல்லது மாலையின் சாய்வெயிலில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு எதையும் பூசாதீர்கள். கல் கெடும், பூசியவர் கற்பனை செய்த கோடே எழுத்தாக நிலைத்துவிடும். மீனாட்சிபுரம் அருகே மாங்குளம் மலையில் உள்ள தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகள் பாண்டியன் நெடுஞ்செழியனையும் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவையும் சொல்கின்றன. ஒரு பாறை எவ்வளவு சொல்லும் என்பதற்கு அது போதும்.

நத்தம் மேட்டிலும் உழுத புஞ்சையிலும் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் கிடந்தால் இடத்தைக் குறித்துப் படம் எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். தோண்ட வேண்டாம். மண்ணடுக்கிலிருந்து பிரித்த ஓடு தன் காலத்தைச் சொல்லும் வாய்ப்பைப் பெரிதும் இழந்துவிடும்.

கடைசியாகப் பெரியவர்கள். “ஊர் எப்ப வந்துச்சு?” என்று கேட்டால் ராஜா கதைதான் வரும். “மாசிக் களரிக்கு எந்த ஊருக்குப் போவீங்க? இந்தச் சாமிக்குப் பிடிமண் எங்கேருந்து எடுத்தாங்க?” என்று கேளுங்கள். மாசிக் களரி என்பது மாசியில் நடக்கும் குலதெய்வ வழிபாடு. குடிபெயர்ந்தவர்கள் மூலக் கோயிலின் மண்ணைப் பிடிமண்ணாகக் கொண்டுவந்து புதுக் கோயில் எழுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம்; எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு அதுவே நல்ல தடயம். ஒவ்வொரு வகையறாவிடமும் (உறவுக் குழுவிடமும்) தனித்தனியே கேளுங்கள். ஒரே கூட்டத்தில் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள்.