இங்கிலாந்து முன்னோர் குதிரை வைத்தியராக இருந்தால் எப்படித் தேடுவது?

பெரம்பூர், ராயபுரம் பக்கம் இருக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் யாராவது “எங்க தாத்தாவோட தாத்தா இங்கிலாந்துல படிச்ச மிருக வைத்தியர்” என்று சொன்னால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஸ்மித்தும் ஜோன்ஸும் ஊருக்கு நூறு பேர் வருவார்கள், தொழில் தெரிந்தால் ஆட்கள் சட்டென்று குறைந்துவிடுவார்கள்.

ஆனால் தேடலை இங்கிலாந்தில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஞானஸ்நானச் சீட்டு, ரயில்வே சர்வீஸ் தாள்கள், பழைய பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிவைத்த பிறந்தநாட்கள், இவற்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே மெட்ராஸ் சர்ச்சுகளின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, மெட்ராஸுக்கான வரிசை எண் ‘என்/2’. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களை ஆராயும் ஃபிபிஸ் (FIBIS) என்ற சங்கத்தின் இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். கல்லறை எழுத்துகளுக்கு ஜூலியன் காட்டன் 1905-ல் வெளியிட்ட மெட்ராஸ் பட்டியலைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சரிபார்த்துவிடலாம். “வேப்பேரியில் படித்தார்” என்று வீட்டில் சொல்கிறார்களா? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதே 1903-ல்தான். அதற்கு முன்னால் வாழ்ந்தவர் என்றால் அவர் வேறெங்கோ படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு தலைமுறைக் கதைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

அப்புறம் இங்கிலாந்து. அங்கே பிறப்பு, கல்யாணம், இறப்புகளை அரசே பதிவு செய்வது 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. அதற்குப் பிந்தைய கல்யாணச் சான்றிதழ்தான் பெரிய புதையல், ஏனென்றால் மாப்பிள்ளை, பெண் இருவருடைய அப்பாக்களின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு சர்ச் பதிவேடுகள்தான் கதி. 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் அப்பாவின் தொழிலையும் எழுதினார்கள். 1841 சென்சஸில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், அதனால் பிறந்த வருடத்தை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1851 சென்சஸில் பிறந்த ஊரே இருக்கும்.

இப்போது முக்கியமான இடம். லண்டன் கால்நடைக் கல்லூரி தொடங்கியது 1791-ல். அதற்கு முன் இங்கிலாந்தில் குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர்கள் லாடம் அடிப்பவர்கள்தான். எடின்பரோவில் வில்லியம் டிக் 1823-ல் பள்ளி ஆரம்பித்தார், 1844-ல் கால்நடை வைத்தியர்களின் தொழில் அமைப்பான ராயல் கல்லூரிக்கு (ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ்) அரச சாசனம் கிடைத்தது. ஆனாலும் 1881 சட்டம் வரும்வரை யார் வேண்டுமானாலும் ‘வெட்டரினரி சர்ஜன்’ என்று போட்டுக்கொள்ள முடிந்தது! ஆகவே 1851 சென்சஸில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் அவர் கல்லூரியில் படித்தவர் என்று எழுதிவிடாதீர்கள், ராயல் கல்லூரியின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள். லண்டனில் ஆரம்ப காலப் படிப்பு சில மாதங்களிலேயே முடிந்துவிடும் என்பதால், லாடக்காரரின் மகன் போய்ப் படித்துவிட்டு சொந்த ஊருக்கே திரும்பியிருக்கலாம், அந்த ஊர் சர்ச் பதிவேட்டையும் விடாதீர்கள்.

பட்டாளத்தில் இருந்தவர் என்றால் வேலை சுலபம். 1796-லிருந்து குதிரைப்படைகளுக்கு வைத்தியர்களை நியமித்தார்கள், ராணுவப் பட்டியலில் பெயரும் படைப்பிரிவும் இருக்கும். கம்பெனி வேலைக்கு வந்தவர்களும் உண்டு, பிரான்சின் லியோன் நகரில் படித்த வில்லியம் மூர்கிராஃப்ட் 1808-ல் வங்காளத்துக்கு வந்தது கம்பெனியின் குதிரைப் பண்ணையைக் கவனிக்கத்தான்.

ஒரே பெயரில் இரண்டு பேர் கிடைத்தால் இருவரையும் குறித்துவைத்து உயிலைத் தேடுங்கள். 1858-க்கு முந்தைய உயில்கள் சர்ச் நீதிமன்றங்களில் பதிவானவை, வசதியானவர்களின் உயில்கள் பல லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகளின் பெயர்களும், மகள் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் பெயரும் அதில் இருந்தால் எந்த ஆள் உங்களுடையவர் என்று அங்கேயே தெரிந்துவிடும்.