திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே: ஆற்றோடு ஒரு நாள்

திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்திருக்கும் நம்ம ஆட்களிடம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் கோவளம், வர்க்கலை, பொன்முடி என்று அடுக்குவார்கள். தெற்கே என்றால் கன்னியாகுமரி ஒன்றுதான். நடுச்சாமத்தில் எழுந்து கிளம்பி, சூரிய உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைப் படகுக்கு வரிசையில் நின்று, சுசீந்திரத்தில் அவசரமாக ஒரு கும்பிடு போட்டு, திரும்பும் வழியில் பத்மநாபபுரம் வந்தால் அரண்மனையைப் பூட்டியிருப்பார்கள். மறுநாள் அலுவலகத்தில் தூங்கி வழிவார்கள்.

முனை வரை ஓட வேண்டியதே இல்லை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பாதி திருவனந்தபுரத்துக்கு அவ்வளவு பக்கம். மார்த்தாண்டம் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஒரே ஆற்றைப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து கீழே வந்தாலே பகல் முழுக்கச் சரியாக இருக்கும். நான் ஆற்றூர்க்காரி, திருவனந்தபுரத்தில் வேலை. கூட வேலை பார்ப்பவர்களை நான் அழைத்துப் போகும் வழி இதுதான்.

முதலில் ஆறு. பேச்சிப்பாறை அணையிலிருந்து வருவது கோதையாறு. பெருஞ்சாணி அணையிலிருந்து வருவது பறளியாறு. இரண்டும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகப் போய், தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகின்றன. இதற்கும் தாமிரபரணி என்றுதான் பெயர். நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

கிளம்புவது: திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்ட் இருக்கும் தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறினால் மார்த்தாண்டத்தில் இறங்கலாம். ஏறும்போதே கண்டக்டரிடம் மார்த்தாண்டம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே நீளமாக ஒரு மேம்பாலம் இருக்கிறது, வண்டி அதில் ஏறிவிட்டால் ஊர் கீழேயே போய்விடும். ரயிலில் வந்தால் ஸ்டேஷன் பெயர் குழித்துறை. மார்த்தாண்டம் என்று தேடினால் கிடைக்காது. மாநில எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் இறங்கி மாறுவதும் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது; தோழிகளோடு போனால் எல்லைக்கு இந்தப் பக்கம் செலவு பெரும்பாலும் சாப்பாட்டுக்குத்தான்.

காலையில் முதல் வேலையாகத் திற்பரப்பு. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போய் மாறிக்கொள்ளலாம். வழி நெடுக ரப்பர் தோட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மரத்தில் சாய்வாகக் கீறி, கீறல் முடியும் இடத்தில் சிரட்டை கட்டியிருப்பது தெரியும். காலை நேரமானால் சொட்டுச் சொட்டாகப் பால் விழுந்துகொண்டிருக்கும். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும் என்பதால் வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே வந்து போயிருப்பார்கள்.

அருவி 50 அடிதான், குற்றாலம் மாதிரி எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் ஜூலையிலும் தண்ணீர் இருக்கும், ஐப்பசி கார்த்திகையிலும் இருக்கும். பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்துவிட்டால் குளிக்கத் தடை போடுவார்கள், அன்று காலை செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அருவிக்கு மேலே ஆற்றில் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது. "அங்க குளிக்காண்டாம் கேட்டியா, கசம் கெடக்கு" என்று என் அம்மா இன்றைக்கும் என்னிடம் சொல்வாள். கசம் என்றால் ஆற்றில் ஆழமான மடு. வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஆழம் தெரியாது. பாறையில் பாசி வேறு.

பதினொரு மணிக்குள் திருவட்டாறு வந்துவிட வேண்டும். உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, நம்மாழ்வார் பாடியது. 22 அடி நீளத்தில் படுத்திருக்கும் பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடியாது, மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது, 418 வருஷத்துக்குப் பிறகு! ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஒரு வேட்டியும் பையில் இருக்கட்டும். சாமி கும்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பிரகாரத்தில் ஒரு சுற்று நிதானமாக நடங்கள். தூணுக்குத் தூண் கையில் விளக்கேந்திய பாவைகள். ஒருத்தியின் கொண்டை போல இன்னொருத்திக்கு இல்லை.

அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம், பக்கம்தான். ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குப் பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீரைக் கொண்டுபோகக் காமராஜர் காலத்தில் போட்ட திட்டம், 1966-இல் முடிந்தது. 1,240 அடி நீளம், 115 அடி உயரம், 28 தூண்கள். கீழே பறளியாறு ஓடும், மேலே தொட்டியில் கால்வாய் ஓடும், அதன் ஓரமாக நாம் நடப்போம். கோடையில் கால்வாயை அடைத்திருந்தால் தொட்டி காய்ந்து கிடக்கும். பாதி ரசனை போய்விடும். மேலே நிழலே கிடையாது, குடை எடுங்கள். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களை வற்புறுத்தி நடுப்பாலம் வரை இழுத்துப் போகாதீர்கள். கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கும். படிக்கட்டில் இறங்கினால் திரும்ப ஏற வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். வெளியே கடைகளில் அன்னாசிப்பழம் நறுக்கி உப்பும் மிளகாயும் தூவித் தருவார்கள்.

சாப்பாட்டுக்கு மார்த்தாண்டம் திரும்பிவிடுங்கள். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் கறியும் கேளுங்கள். பிரியாணி திருவனந்தபுரத்திலேயே கிடைக்கும். பழக்கடையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான், தோல் மெல்லியது, பையின் அடியில் போட்டால் நசுங்கிவிடும். கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலுக்கு இரண்டு வழி: சிதறால் மலை, அல்லது தேங்காப்பட்டணம். இரண்டையும் செய்கிறேன் என்று கிளம்பினால் இரண்டும் கெடும். நான் சிதறாலைத்தான் சொல்வேன். மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர். கல் பாவிய பாதையில் மெதுவாக ஏறினால் அரை மணி நேரம். மேலே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னர்கள் காலத்தில் இங்கே சமணப் பள்ளி இருந்தது. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்தபடி நிற்பவர் பார்சுவநாதர். பக்கத்தில் சமண யட்சி அம்பிகையைத் தேடிப் பாருங்கள். ஒரு சிங்கமும் இரண்டு பிள்ளைகளும் கூட நிற்கும். பிற்காலத்தில் குகைக்கோயில் பகவதி கோயிலாகிவிட்டது. பாறைக்கு மேல் ஏறி நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பக்கம். கீழே தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே காலையில் பார்த்த ஆறு வளைந்து போகும். நான்கு மணிக்குள் அடிவாரத்தில் இருந்தால்தான் அவசரமில்லாமல் பார்த்து இறங்கலாம். மேலே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள்.

ஆறு கடலில் சேருவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் தேங்காப்பட்டணம் போங்கள். கரையில் நின்று பார்ப்பதோடு சரி. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் இழுப்பு அதிகம், மீன்பிடி வள்ளங்களே அங்கே கவிழ்ந்திருக்கின்றன.

பத்மநாபபுரம் அரண்மனையை இதோடு சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. தக்கலையில் இறங்கினால் பக்கம்தான். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூரை இங்கிருந்துதான் ஆண்டார்கள். காலை ஒன்பது மணிக்குத் திறந்ததும் நுழைந்தால் சுற்றுலா பஸ் கூட்டம் வரும் முன் கறுத்த தரையில் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கலாம். செருப்பு வெளியே. மதியத்துக்கு மேல் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பழக்கிய டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும்.

திரும்பும்போது ஒரு விஷயம். ஞாயிறு சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ் மார்த்தாண்டம் சேரும்போதே நிரம்பியிருக்கும். களியக்காவிளை வரை டவுன் பஸ்ஸில் போய், அங்கிருந்து புறப்படும் திருவனந்தபுரம் வண்டியில் ஏறினால் உட்கார்ந்து வரலாம். காத்திருக்கிற நேரத்தில் ஸ்டாண்ட் பக்கம் ஏத்தங்காய் சிப்ஸ் சூடாகப் பொரித்துக்கொண்டிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பாக்கெட்டில் அடைத்தது வேண்டாம்.