ஏலக்காட்டு விபத்து: நியாயமான இழப்பீட்டு மனுவையும் ‘மோசடி’ ஆக்கிவிடும் தவறுகள்

கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இழப்பீட்டு மனு எழுத இப்போது இளவட்டங்கள் வருகிறார்கள். நல்லது. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் கோட்டைவிட்ட இடத்திலேயே இவர்களும் விடுகிறார்கள். ஆதார் நகல், தேதி போன்ற சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

முதல் பொய்யை மறைக்க இரண்டாவது பொய்

நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறியவர் விழுகிறார். மலையிறங்கும் வழியிலேயே கங்காணி காதில் ஓதுவார்: “டாக்டர் கேட்டா வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுண்ணே. தோட்டம்னா போலீஸ் கேசாயிரும். செலவை முதலாளி பார்த்துக்குவாரு.” வலியில் இருப்பவர் தலையாட்டுவார். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் அது அப்படியே ஏறிவிடும். பிறகு மனு போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டும் முதல் காகிதமே அதன் நகல்தான்.

இதுவரை தொழிலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். எரிச்சல் மனு எழுதுகிறவர் மேல்தான். கூடலூர்க்காரர் ஒருவருக்கு எழுதிய தம்பி, ‘டாக்டரிடம் தோட்டம் என்றே சொன்னேன்’ என்று சேர்த்துவிட்டார். டாக்டர் சாட்சிக்கு வந்தார். அப்புறம் உண்மையாக மரத்திலிருந்து விழுந்ததைக்கூட யாரும் நம்பவில்லை.

மோசடி என்று குற்றம் சாட்டியதாலேயே உரிமை போய்விடாது. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டது என்று நாம் காட்டினால் போதும். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அடிப்படை இதுதான். அடி எங்கே விழுகிறது என்றால், முதலாளி தான் ஒப்புக்கொள்ளும் தொகையை மட்டும்தான் இடைக்காலத்தில் தர வேண்டும். மொத்தமும் பொய் என்று மறுத்துவிட்டால் தீர்ப்பு வரை கையில் காலணா வராது.

ஆகவே மனுவிலேயே எழுதுங்கள்: வீட்டில் விழுந்ததாகச் சொன்னேன், சொல்லச் சொன்னது இன்னார். கூடவே அன்றைய பற்றுச்சீட்டு, ஜீப் டிரைவர், தூக்கி வந்த ஆள், கங்காணி போனில் பேசிய நேரம்.

அடுத்தவர் பெயரில் ஆஜர்

அண்ணன் பெயரில் தம்பி வேலைக்குப் போயிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

‘குடித்திருந்தார்’

இதைக் கேட்டதும் பின்வாங்காதீர்கள். போதைதான் நேரடிக் காரணம் என்றால் இழப்பீடு மறுக்கலாம். ஆனால் சாவு, நிரந்தர முழு ஊனம் இரண்டிலும் அந்தச் சாக்கு செல்லாது.

வெற்றுத்தாளில் கையெழுத்து

கூடாது.

முதலாளி அனுப்பும் டாக்டர்

‘நடிக்கிறான்’ என்று சந்தேகப்பட்டு இலவசப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் ரோஷப்பட்டு மறுக்கக் கூடாது. மறுத்தால் உரிமை அதுவரை நிறுத்திவைக்கப்படும். போகட்டும். கூட ஒருவர் போங்கள், அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.