பைன் காயிலிருந்து கன்று

கொடைக்கானல் போனால் பைன் காய் நாலைந்து பொறுக்கி வராதவர்கள் குறைவு. ஆனால் விரிந்து கிடக்கும் காயில் பெரும்பாலும் விதை இருக்காது, எப்போதோ காற்றில் பறந்திருக்கும். மூடியிருக்கும் பழுப்புக் காயாகத் தேடுங்கள். காகிதப் பையில் போட்டு நல்ல வெயிலில் வைத்தால், சில நாளில் செதில்கள் விரியும். செதிலுக்கு இரண்டாக, இறக்கை வைத்த விதைகள். இறக்கையைக் கிள்ளிவிட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். மிதப்பது பெரும்பாலும் பொக்கு.

அப்புறம் ஈரமணலில் கலந்து ஃப்ரிட்ஜில் 3, 4 வாரம் வைத்தால் முளைப்பு சீராக இருக்கும். ஃப்ரீசர் வேண்டாம். மணல் பாதி கலந்த மண்ணில் அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். கன்றுகள் அதிகம் சாவது தண்ணீர் மிகுந்து, தண்டின் அடி அழுகித்தான். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். முளை விதைத்தோலைத் தொப்பி மாதிரி சுமந்து வரும். கை துறுதுறுக்கும், பிடுங்காதீர்கள், தானே விழும். பைன் மரத்தடி மண் ஒரு பிடி கிடைத்தால் சேருங்கள், அதிலுள்ள பூஞ்சை வேருக்குத் துணை.

சரி, சென்னை மொட்டை மாடியில் வளருமா? முளைக்கும். ஆனால் இது மலை மரம், மே மாத வெயிலைத் தாண்டுவது கஷ்டம்தான்.