மலையகத்தில் படம் எடுக்கும்போது செய்யக்கூடாதவை, நான் செய்தவையும் சேர்த்து

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைக்குக் கிட்ட, ரோட்டோரக் கல் ஒன்றில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் படம் கீறிக்கொண்டிருந்தேன். வேன் ஒன்று வந்து நின்றது. கெமராவோடு இறங்கிய இளைஞர் நேரே தேயிலை நிரைக்குள் புகுந்தார். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், "அக்கா, கை நிறைய இலையப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் சிரிங்க" என்றார். அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு கைக்கு எட்டிய முற்றல் இலையில் ஒரு கொத்தை முறித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்துப் பன்னிரண்டு கிளிக். வேன் கிளம்பியதும் அந்தக் கொத்தை நிரைக்கு நடுவில் வீசிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

நல்ல கொழுந்தைக் கசக்கிப் பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை. முற்றலைக் கூடையில் போட்டால் நிறுக்கிற இடத்தில் பேச்சு வாங்க வேண்டும். அதனால்தான் முற்றலை முறித்ததும், முறித்ததை வீசியதும். அந்த இளைஞரின் படம் எங்கேயாவது அழகாக அச்சாகியிருக்கலாம். ஆனால் மலையில் பிறந்த யார் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கையில் இருக்கிற தப்பான இலைதான். பறிக்க வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். கொப்பை முறிக்கிற வேலை அல்ல அது.

இங்கே படம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் படத்தை முன்கூட்டியே மனதில் எடுத்து முடித்துவிட்டு வருகிறார்கள். பச்சை மலை, கூடை, சிரிப்பு. அதற்கு ஆள் தேடுவதுதான் மிச்சம். நைலோன் பையைக் கட்டிக்கொண்டு பறிப்பவரிடம் "பிரம்புக் கூடை இல்லையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டவரையும் பார்த்திருக்கிறேன்.

இதில் அவர்கள் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர் என்று போட்டுவிடுவார்கள். பத்து நிமிஷம் போஸ் கொடுக்கச் சொன்னால் அந்தப் பத்து நிமிஷம் யாருடையது? வேலை நேரத்தில் நிறுத்தாதீர்கள். நிரைக்குள் இறங்காமல் பாதையிலேயே நின்று, அரை மணி நேரம் கெமராவைத் தூக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டு கையும் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் ஒரு வீச்சு. திரும்பிப் பார்ப்பதே இல்லை. பந்தம் (செடிகளின் மேல்பரப்பு) மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மட்டக்கம்பை மேலே போட்டு வைப்பார்கள். விரல் நுனிகள் தேயிலைக் கறையில் கறுத்திருக்கும், வெடிப்புகளில் அந்தக் கறை கோடு கோடாக இறங்கியிருக்கும். நான் வருஷக்கணக்காக வரைந்தும் எனக்குச் சரியாக வராத கோடுகள் அவை.

உங்களுக்கு முகம்தான் வேண்டுமென்றால் பறித்ததை நிறுக்கிற கொட்டகைக்கு, கொழுந்து மடுவத்துக்குப் போங்கள், நிறுவை நேரத்தில். எல்லார் கண்ணும் தராசு முள்ளில், இப்போது பல இடங்களில் தராசின் சிவப்பு இலக்கத்தில் இருக்கும். "தண்ணிக்கு எவ்வளவு கழிக்கிறீங்க?" என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள், சிரிக்கவும் மாட்டார்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், தோட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிற கெமராவைப் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயம்தான்.

சரி, இனிக் கொஞ்சம் தொழில்நுட்பம். மலையில் எடுத்த படங்களில் பாதி சாம்பல் பூத்த மாதிரி இருப்பதற்குக் காரணம் மூடுபனி அல்ல, கெமராவின் கணக்கு. எதிரே இருப்பது எதுவானாலும் எல்லாம் கலந்து நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று அது நினைத்துக்கொள்கிறது. எதிரே முழுக்க வெள்ளைப் பனி நிற்கும்போது, "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று தானாகவே இருட்டாக்கிவிடும். கெமராவில் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) ஒன்று, ஒன்றரை ஸ்டொப் கூட்டுங்கள், ஒரு ஸ்டொப் என்றால் இரு மடங்கு வெளிச்சம். போனில் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். பனிக்கு முன்னால் ஒரு ஆள் நின்றால் முகத்தைத் தொட்டுத்தான் அளக்க வேண்டும். எங்கள் நிறம் கறுப்பு, பின்னால் பனி வெள்ளை. கெமராவின் போக்கில் விட்டால் முகம் கரிக்கட்டையாகும். சில போன்கள் அதற்கும் ஒரு வைத்தியம் செய்து தோலை வெளுப்பாக்கி, மழமழவென்று மெழுகுப் பொம்மை ஆக்கிவிடும். அழகுபடுத்தும் அந்த வசதியை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, குளிரில் சுற்றிவிட்டு நேரே அடுப்படிக்குள் போய் கெமராவை வெளியே எடுப்பது. லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, அடுப்படியில் சூடும் ஆவியும் நிறைந்திருக்கும். குளிர்ந்த லென்ஸில் உடனே நீர் படிந்துவிடும். அதைச் சட்டை நுனியால் துடைக்கத் தோன்றும், துடைக்க வேண்டாம். பையை மூடியபடியே வைத்துவிட்டு, கொடுக்கிற தேத்தண்ணியைக் குடியுங்கள். குடித்து முடிப்பதற்குள் கெமரா சூட்டுக்குப் பழகியிருக்கும். அப்புறம், மழை மாதங்களில் லென்ஸை அலுமாரிக்குள் போட்டு மறந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். என் முதல் லென்ஸ் அப்படித்தான் போனது.

மலையகம் என்றால் ஒரே காலநிலை என்று நினைப்பதும் பெரிய தவறு. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தை நனைத்தெடுக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவில், காய்ந்த காற்று வீசும். அங்கே தேயிலைக்கு மணம் ஏறும் காலமும் அதுதான். இந்தப் பக்கத்துக்குத் தெளிவான வெளிச்சம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நுவரெலியாவில் அந்த மாதங்களில் சில விடியல்களில் தேயிலை மேல் வெள்ளையாக உறைபனி விழுந்திருக்கும், வெயில் ஏறினால் போய்விடும். ஆகவே ஒரே பயணத்தில் எல்லா இடத்திலும் நல்ல வெளிச்சம் கிடைக்குமென்று திட்டம் போடாதீர்கள்.

இதை நான் ரயிலில் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பதுளைக்குப் போகும் கோச்சி பட்டிப்பொலையைத் தாண்டுகிறது. நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் அது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத பனி. நான் கெட்டிக்காரனாக ஒன்றரை ஸ்டொப் கூட்டி வைத்து, பனிக்குள் நிற்கும் மரங்களை எடுத்துக்கொண்டே வந்தேன். அப்புறம் ஓகியாவுக்கு முன்னால் வரும் சுரங்கம். உள்ளே போனது பனியில், வெளியே வந்தது வெயிலில். ஊவாப் பள்ளத்தாக்கு அடிவானம் வரைக்கும் திறந்து கிடந்தது. பெட்டி முழுக்க "ஆ" என்றது. நானும் வெறி பிடித்தவன் மாதிரி எடுத்துத் தள்ளினேன். பதுளையில் இறங்கிப் பார்த்தால் அத்தனையும் வெளுத்துப்போன தாள். கூட்டி வைத்ததைக் குறைக்கவே இல்லை. எதிர் சீட்டில் ஒரு தாத்தா கண்ணை மூடிக்கொண்டு வெயிலுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவரை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் கீறியிருந்தேன். அந்தப் பயணத்தில் மிஞ்சியது அதுதான். சுரங்கத்துக்குள் இருட்டாக இருக்கிற நேரம், கெமராவின் செட்டிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓடுகிற ரயிலில் கிட்டத்துச் செடிகளைத் துரத்தாதீர்கள். வினாடியில் 500இல் ஒரு பங்கு வேகம் தூரத்து மலைக்குப் போதும், பக்கத்துச் செடிக்குப் போதாது. மிதிபலகையில் தொங்கி எடுப்பதைப் பற்றி ஒரே வரி: பாறைச் சுவரும் சுரங்க வாயும் கை நீட்டுகிற தூரத்தில் வரும், வேண்டாம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை (1921இல் கட்டி முடித்தது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்புச் சட்டம் இல்லை) எடுக்கப் போகிறவர்கள் நல்ல இடம் தேடித் தேயிலைச் செடிகளை மிதித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அதுவும் யாரோ ஒருவரின் நிரைதான்.

பச்சை நிறத்தைக் கூட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை ஒரே பச்சை அல்ல. முற்றல் இலை கறுப்புக்குக் கிட்ட இருக்கும், கொழுந்து மஞ்சளுக்குக் கிட்ட இருக்கும், ரோட்டோரச் செடி தூசியில் பழுப்பாகும். போனில் நிறத்தைத் தள்ளினால் மூன்றும் ஒன்றாகி மலை பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி ஆகிவிடும். சில வருஷங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டிய மலையை யாருமே எடுப்பதில்லை. இலையே இல்லாமல், சாம்பல் நிறத் தூர்கள் மட்டும் சரிவு முழுக்க விரல் விரித்து நிற்கும். மையில் வரைய எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல காட்சி இந்த மலையில் கிடையாது.

அடுத்தது பெயர். ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற பெயரைப் படக்கலை படித்தவர்கள் அறிவார்கள். இங்கிலாந்தில் டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் போன்றவர்களைப் படம் பிடித்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலய வளவில்தான் கல்லறை. இங்கே அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை சிலவே. சாதாரணச் சனங்களும் அவற்றில் இருக்கிறார்கள். டென்னிசனுக்குப் பெயர் இருக்கிறது, டார்வினுக்குப் பெயர் இருக்கிறது. இங்கே அவர் முன்னால் அசையாமல் நின்றவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. அதற்குப் பிறகு வந்த தபாலட்டைகளிலும் "தமிழ்ப் பெண்", "கொழுந்து பறிப்பவள்" என்றுதான் அச்சடித்தார்கள்.

நூற்றைம்பது வருஷம் கழித்து நாமும் "மலையகத்துத் தாய்" என்று போட்டுவிட்டுப் போகிறோம். எடுத்த உடனே பெயரைக் கேட்டு எழுதுங்கள், அதை வெளியே போடலாமா என்றும் கேளுங்கள். தோட்டம், டிவிசன், தேதி எல்லாம் வேண்டும். தோட்டத்துக்குப் பலகையில் ஒரு ஆங்கிலப் பெயரும் சனங்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கலாம், இரண்டையும் எழுதுங்கள். கெமராவின் கடிகாரத்தைச் சரிபார்ப்பதும் இதில் சேர்ந்ததே. என்னிடம் ஒரு வருஷப் படங்கள் முழுக்க 2000 ஜனவரி முதலாம் தேதியில் எடுத்ததாகக் கிடக்கின்றன.

பிள்ளைகளுக்கு டொபி கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். காமன் கூத்தில் (மன்மதன் கதையைத் தோட்டங்களில் ஆடும் கூத்து) பிளாஷ் அடிக்காதீர்கள். அரிதாரம் பூசிய முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி தட்டையாகும், தவிர ரதியும் மதனும் விரதமிருந்து ஆடுகிறவர்கள், உங்களுக்காக நின்று திரும்ப வேண்டியதில்லை.

நான் செய்ததிலேயே பெரிய தவறு ஒரு பெரியம்மா விஷயத்தில். பணிய (கீழ்) லயத்துக்காரர். மலையிலிருந்து இறங்கி வருகிறார், இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கயிறு பதிந்த தழும்பு, மழையில் நனைந்த முகம். எடுக்கட்டுமா என்று கேட்டேன். "இந்தக் கோலத்துலயா தம்பி? செத்த பொறு, சீலைய மாத்திக்கிட்டு வாரேன்" என்றார். "இல்ல பெரியம்மா, இப்படியேதான் நல்லாருக்கு" என்று சொல்லி எடுத்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை. பிறகு காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) போய், முகம் கழுவி, நாவல் நிறப் பட்டுச் சீலை கட்டி, திருநீறு பூசி வந்து, அலுமாரிக்கு முன்னால் விறைப்பாக நின்றார். அலுமாரி மேல் டீவி, அதன் மேல் பிளாஸ்டிக் பூ. மரியாதைக்காக ஒன்று எடுத்தேன், கவனமே இல்லாமல். அலுமாரியின் கண்ணாடியில் என் முழங்கை விழுந்திருக்கிறது.

முதல் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாருக்குப்பா" என்று வாங்கினார். அடுத்த தடவை போனபோது அது அலுமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தது. "அந்தச் சீலைப் படம் என்னாச்சு தம்பி?" என்று கேட்டார். அதைத் தேடிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், முழங்கையோடு. இப்போது சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டத்துக்குக் கொடுத்த காசை விடுங்கள், அன்று கொஞ்சம் நகர்ந்து நின்றிருந்தால் முழங்கை விழுந்திருக்காது.

சாதாரணமான எதையும் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகுதான் லயத்தை லயமாகவே எடுக்க ஆரம்பித்தேன். தகரக் கூரையும் அது பறக்காமல் மேலே வைத்த கற்களும், இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) காயும் விறகு, துணிக்கொடி, கோழிக்கூடு. நேராக நின்று, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, காம்பரா காம்பராவாக. இதற்கு மங்கலான மேகமூட்ட வெளிச்சமே நல்லது, நிழல் விழாது.

இப்போது எங்கள் டிவிசனில் பீலிக்கரையை, தண்ணீர் பிடிக்கிற இடத்தை, எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூங்கில் பீலி போய்க் குழாய் வந்து, குழாயும் அரைவாசி உடைந்துவிட்டது. போன வாரம் வரிசையில் ஏழு குடம், ஆறு பிளாஸ்டிக், ஒன்றே ஒன்று பித்தளை. வெளிச்சத்தை அளந்து முடிப்பதற்குள் பித்தளைக் குடத்துக்காரர் நிறைத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியவே வருவாராம்.