ஓனிங் கீச்சிட்டால், ஒயில் அடிக்க முன்

ஸ்காபரோவில் இருந்து சாண்ட்பாங்ஸ் பார்க்குக்கு 401 நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். போன ஜூலையில் போய் இறங்கி, காம்பிங் ரெயிலரை மட்டம் பார்த்து நிறுத்தினேன். மனிசி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். நான் ஓனிங் சுவிச்சை அழுத்தினேன். ரெயிலரின் சுவரில் இருந்து பதினாறு அடித் துணிக்கூரை விரிய விரிய ஒரு சத்தம். பக்கத்து இடத்தில் கதிரை போட்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் எழும்பிப் பார்த்தார். அவருடைய நாயும் எழும்பிப் பார்த்தது. "செக்காட்டுற சத்தம்" என்றாள் மனிசி.

நான் உடனே செய்தது பெரிய பிழை. வீட்டுக் கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கிற ஒயில் ஸ்பிறே கையில் இருந்தது. மூட்டு, கம்பி, உருளை என்று கண்ட இடமெல்லாம் அடித்தேன். அன்றைக்குச் சத்தம் பாதியாகக் குறைந்தது. சாண்ட்பாங்ஸ் ஒன்ராறியோ ஏரிக்கரையின் மணல்மேடுகளுக்குப் பெயர்போன இடம். மா மாதிரிப் பொடி மணல், காற்றோடு எழும்பி எங்கும் போகும். ஒயில் ஈரத்தில் அது வடிவாக ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் ஓனிங்கைச் சுருட்டும்போது கீச்சென்ற சத்தம் போய், அம்மியில் அரைக்கிற சத்தம் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் கிழவர் ஒரு துண்டுத் தண்ணிக்குழாயோடு வந்தார். ஒன்றரை அடி நீளம் இருக்கும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஓனிங்கின் ஒவ்வொரு இடமாகக் காட்டச் சொன்னார். டாக்குத்தர் நெஞ்சில் குழாய் வைக்கிற அதே வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சுவிச்சில், மற்றவர் குழாயோடு. ஓனிங்கைத் தாங்கும் கை மடங்குகிற இடத்துக்குக் கிட்ட உங்கள் விரலோ முகமோ போகக்கூடாது. குழாய் நீளமாக இருப்பது அதற்கும் உதவும்.

கேட்டுப் பார்த்தால், ஒரே சத்தம் என்று நான் நினைத்தது இரண்டு சத்தம். உருளையின் பின்முனையில் கீச்சென்று ஒன்று. முன்முனையில், மோட்டர் பக்கம், இழுக்க ஏலாத மாடு மாதிரி ஒரு முனகல். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலில் முனகலைச் சொல்கிறேன். பலர் இதைக் கேட்டதும் மோட்டர் போய்விட்டது என்று நினைத்துப் புது மோட்டருக்குக் காசு கொடுக்கிறார்கள். என்னை யோசிக்க வைத்தது வேறொன்று: வீட்டு வாசலில் ரெயிலரைக் கரண்டில் செருகி ஓனிங்கை விரித்தபோது இந்த முனகல் இருந்ததில்லை. பார்க்கில் நாங்கள் எடுத்தது கரண்ட் இல்லாத இடம், பற்றரி மட்டும்தான். ஓனிங் மோட்டர் 12 வோல்ற்றில் ஓடுவது. கரண்டில் செருகியிருந்தால் ரெயிலருக்குள் இருக்கும், கரண்டை மாற்றிக் கொடுக்கிற கொன்வேர்ட்டர் 13.6 வோல்ற் அளவில் கொடுக்கும். நிறைந்த ஈயப் பற்றரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், 12.0 என்றால் அது பெரும்பாலும் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆகவே முனகல் கேட்டால், செருகி ஒரு தரம், செருகாமல் ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். செருகியதும் முனகல் போனால் பற்றரியையும் வயரையும் பாருங்கள், மோட்டரை விடுங்கள்.

பற்றரியைச் சார்ஜ் பண்ணியும் என்னுடையதில் கொஞ்சம் முனகல் மிச்சம் இருந்தது. மல்ரிமீற்றரை எடுத்து, ஓனிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றரியிலும் மோட்டருக்குப் போகும் வயரிலும் அளந்தேன். ஓடாமல் அளந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு எண்ணுக்கும் இடையில் ஒன்றரை வோல்ற் காணாமல் போயிருந்தது. மோட்டருக்குக் கிட்ட வயர் பொருத்திய இடத்தைப் பிரித்தேன். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. பியூஸைக் கழற்றிவிட்டு, கெட்டுப்போன துண்டை வெட்டி, சூடு காட்டினால் சுருங்கி ஈரத்தை அடைக்கிற இணைப்புப் போட்டேன். முனகல் அத்தோடு சரி.

இனிக் கீச்சு. உருளையின் மோட்டர் இல்லாத முனை புஷ் என்கிற ஒரு பிளாஸ்ரிக் வளையத்தில் சுற்றுகிறது. அது காய்ந்தாலும் கத்தும், மணல் போனாலும் கத்தும். இதில் வரிசை முக்கியம். முதலில் கழுவ வேண்டும், அப்புறம் காய வேண்டும், கடைசியில்தான் ஸ்பிறே. நான் செய்தது போல மணலுக்கு மேலேயே அடித்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். மென்மையாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், பழைய பற்தூரிகையால் ஒயில் சேற்றை எடுத்தேன், ஒரு வெயில் காய விட்டேன். பிறகு காய்ந்ததும் ஈரமில்லாமல் நிற்கிற சிலிக்கோன் ஸ்பிறே, கொஞ்சம். துணியில் படாமல் இருக்கப் பின்னால் ஒரு கார்ட்போட் மட்டையைப் பிடியுங்கள். கைகளின் மூட்டுக்கும் இதே மருந்துதான். துணி ரெயிலரின் சுவரில் கோத்திருக்கும் அலுமினியக் காடியையும் மறக்க வேண்டாம். காற்றில் துணி அசையும்போது கிரீச் கிரீச் என்று நித்திரையைக் குழப்புவது பெரும்பாலும் அதுதான்.

கைகளில் இருக்கும் வாயுத் தண்டுகளுக்கு ஒயில் தேவையில்லை. துடைத்தால் போதும். அவற்றுக்குள் அமுக்கத்தில் வாயு இருக்கிறது. ஒரு பக்கக் கை மற்றதை விட மெல்ல வந்தால் தண்டு களைத்துவிட்டது என்று அர்த்தம், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கையை இறுக்கிக் கட்டாமல் தண்டைக் கழற்றப் போகாதீர்கள். சில ஓனிங்குகளின் உருளைக்குள் சுருட்டிய வில்லும் இருக்கும். பழக்கமில்லாதவர் உருளையின் முனையைத் திறக்கவே கூடாது. இதற்கு ஆளைக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் கூப்பிடுவேன்.

கரண்ட் சரியாக இருந்தும் மோட்டர் பக்கம் கற்கள் உரசுவது போல அரைத்தால், அல்லது மோட்டர் ஓட உருளை சுற்றாமல் டக் டக் என்றால், உள்ளே பற்சக்கரம் தேய்ந்துவிட்டது. அதற்குள் ஸ்பிறே அடித்துப் பயனில்லை. மோட்டரும் கியரும் சேர்ந்த முழுத் துண்டாகத்தான் மாற்றுவது.

ஒரு சத்தத்துக்குக் காரணம் என் மகன். முழுதும் விரிந்த பிறகும் சுவிச்சை விடாமல் அழுத்தினான். எங்களுடையது தானாக நிற்காது. உருளை தொடர்ந்து சுற்றி, துணி எதிர்ப்பக்கமாகச் சுருளத் தொடங்கிவிட்டது. துணி உருளையின் மேல்பக்கமாக வருவதற்குப் பதில் கீழ்ப்பக்கமாக வந்து எங்கோ உரசியது. பயப்பட ஒன்றுமில்லை. சுருட்டுகிற சுவிச்சை அழுத்தினால் துணி முதலில் முழுதும் விரிந்து, பிறகு சரியான பக்கமாகச் சுருளும். துணி ஒரு பக்கம் நகர்ந்து கையில் உரசினால், காடியின் இரண்டு முனையிலும் துணியைப் பிடிக்கிற சின்னத் திருகாணி கழன்றிருக்கும்.

துணியைக் கழுவப் பாத்திரச் சவர்க்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். மழையில் நனைந்தபடி சுருட்ட நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவிடுங்கள். பூஞ்சணம் பிடித்தால் லேசில் போகாது. ஒக்ரோபரில் ரெயிலரை மூடும் முன்பும் இதையேதான் செய்கிறேன். மே மாதம் முதல் தரம் சுவிச்சை அழுத்த முன், கைகளுக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பார்ப்பேன். இந்த முறை இருந்தது.

கிழவருடைய குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆயுதப் பெட்டியில் இப்போது என்னுடைய குழாய் ஒன்று இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக் குழாய் கத்தரிக்காய்ப் பாத்திவரை ஏன் எட்டுவதில்லை என்று மனிசி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.